தோள் திரும்பிய பக்கம்

ஜனவரி 11

மாமாவுக்கு,

இதைப் பிரிக்காமலே பெயின்ட் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடுவீர்கள் என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் எழுதுகிறேன். உங்கள் போன் இப்போது அக்காவிடம்தான் இருக்கிறது, என் நம்பரைப் பார்த்தாலே அணைத்துவிடுகிறாள் என்று கடைக்காரர் சொன்னார். அவரிடம் கெஞ்சித்தான் இதைக் கடை முகவரிக்கு அனுப்புகிறேன்.

ஊரைவிட்டு வந்துவிட்டேன். மீன் லாரிதான் ஓட்டுகிறேன், கம்பெனிதான் வேறு. ஐஸ் பேக்டரிக்குப் பின்னால் ஒரு அறை கொடுத்திருக்கிறார்கள். சுவர் எப்போதும் ஈரமாக இருக்கிறது. பூச்சு உரிந்து தொங்குகிறது. நீங்கள் பார்த்தால் கட்டினவனைத் திட்டித் தீர்த்திருப்பீர்கள். உங்கள் பூச்சுக் கரண்டி பட்ட சுவர் ஒன்று உரிந்து நான் பார்த்ததில்லை.

நவம்பரில் நடந்ததை எத்தனை முறை ஓட்டிப் பார்த்தாலும் எனக்குப் புரியவில்லை, மாமா. பெயின்ட் கடைக்குப் பின்னால் இருக்கும் ஷெட்டில் நான்கு வருடம் நாம் இரண்டு பேரும் ஒரே மேசையில் கை கோத்துக் கைமல்யுத்தம் பழகியவர்கள். அரையிறுதியில் நாம் இரண்டு பேரும்தான் மோத வேண்டும் என்று சீட்டு விழுந்தபோது சிரித்தீர்கள். "எவன் ஜெயிச்சாலும் கோப்பை நம்ம வீட்டுக்குத்தாண்டா" என்றீர்கள். இரண்டு முறை பிடி வழுக்கி, நடுவர் இரண்டு கையையும் பட்டை போட்டுக் கட்டினார். அதுவரைக்கும் எல்லாம் ஷெட்டில் நடப்பது போலத்தான் நடந்தது.

பட்டை கட்டிய பிறகு நீங்கள் என் மணிக்கட்டை உள்பக்கமாக மடக்கி ஹூக் போட்டீர்கள். நான் தடுத்து நின்றேன். சத்தியமாகச் சொல்கிறேன், இழுக்கவே இல்லை. நீங்கள் மூச்சு விடட்டும் என்று காத்திருந்தேன். அப்போது உங்கள் தோள் இடது பக்கம் திரும்பியது. கை என்னிடம், உடம்பு அங்கே. பிறகு உங்கள் எலும்பு முறிந்த அந்தச் சத்தம்.

"கை எங்கேயோ தோள் அங்கே. கண்ணைக் கையை விட்டு எடுத்தால் எலும்பு போய்விடும்." ஷெட்டுக்கு வரும் எல்லாரிடமும் தொண்டை கிழியக் கத்தியவர் நீங்கள். பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த விதி அது. நீங்கள் ஏன் திரும்பினீர்கள்?

ஆஸ்பத்திரி வராண்டாவில் அக்கா என் சட்டையைப் பிடித்துத் தள்ளினாள். எனக்கு இருப்பது அவள் ஒருத்திதான் என்பது உங்களுக்குத் தெரியும்.  அவளுக்குப் பதில் சொல்வதற்காகவாவது சொல்லுங்கள்.

உங்கள் மச்சினன்

*

பிப்ரவரி 3

மச்சான்,

இடது கையால் எழுதுகிறேன். கோழி கிளறின மாதிரி இருக்கும். கடைக்காரர், சொல்லுங்கள் நான் எழுதித் தருகிறேன் என்றார். அவர் வாயில் எது விழுந்தாலும் தெருவுக்கே தெரிந்துவிடும். வேண்டாம் என்றேன்.

முதலில் கை எப்படி இருக்கிறது என்று சொல்கிறேன். மேல்கையில் தகடு வைத்திருக்கிறார்கள். எலும்பு கூடிவிட்டது. ஆனால் எலும்பைச் சுற்றி ஓடுகிற நரம்பு அடிபட்டுவிட்டதாம். மணிக்கட்டு தொங்குகிறது. விரலை மூட முடிகிறது, மணிக்கட்டைத் தூக்க முடியவில்லை. தட்டில் கையை வைத்தால் உள்ளங்கை தானாகக் கீழே கவிழ்ந்துவிடும். மருத்துவர் பொறு, நரம்பு மெதுவாக வளரும் என்கிறார். தினமும் காலையில் மேசைமேல் வைத்து, தூக்கு தூக்கு என்று அதனிடம் சொல்கிறேன். என் கை என் பேச்சைக் கேட்கவில்லை. நீதான் அதற்குப் பொறுப்பு என்று உன் அக்கா சொல்கிறாள்.

பூச்சு வேலை மணிக்கட்டில்தான் இருக்கிறது என்பது உனக்குத் தெரியும். சாந்தை வீச வேண்டும், இழுக்க வேண்டும், கரண்டியைச் சாய்க்க வேண்டும். மேஸ்திரி வந்து பார்த்தார். உடம்பு தேறட்டும் என்றார். போகும்போது என் கருவிப் பையை எடுத்துக்கொண்டு போனார், சும்மா இருக்கிறதே என்று. 

உன் அக்கா ஆஸ்பத்திரி துணி வெளுக்கிற இடத்தில் இஸ்திரி போடப் போகிறாள். பகல் முழுக்க நின்றுகொண்டே வேலை.

ஏன் திரும்பினேன் என்று கேட்காதே.

ஜூனில் தேர்வுப் போட்டி இருக்கிறதே, கிரேன் ஓட்டுகிறவனோடு உனக்குத்தான் போட்டி என்று கேள்விப்பட்டேன். அவனிடம் பட்டை கட்டும் வரை விடாதே. பட்டை கட்டினால் உன் டாப் ரோல் செத்துவிடும், அவன் விரல்களைப் பிரித்து மேலே ஏற இடமிருக்காது. அவன் மேசைமேல் உடம்பை ஏற்றி அமுக்குகிறவன். கட்டை விரல் மூட்டுக்குப் பக்கத்தில் உயரமாகப் பிடி. 'கோ' சொன்னதும் பக்கவாட்டில் போகாதே, முதலில் உன் இடுப்பைப் பார்த்துப் பின்னால் இழு. அவன் விரல் விரிந்தால் அவன் கை திறந்த கதவு. திறந்த பிறகுதான் சாய்க்க வேண்டும். முழங்கையை மேசையில் இருக்கும் மெத்தையை விட்டு எடுக்கிற கெட்ட பழக்கம் உனக்கு உண்டு. இரண்டு ஃபவுல் வாங்கினால் ஆட்டம் போச்சு.

இதைச் சொல்ல எனக்கென்ன தலைவிதியோ தெரியவில்லை.

*

பிப்ரவரி 24

மாமா,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு லாரியைக் கிளப்ப முடியாமல் உட்கார்ந்திருந்தேன். ஐஸ் உருகி வண்டிக்குக் கீழே ஓடுகிறது, முதலாளி கத்துகிறார், எனக்கு எதுவும் காதில் விழவில்லை.

நான் எந்தப் போட்டிக்கும் போகப்போவதில்லை. கோப்பையைக் கிரேனே எடுத்துக்கொண்டு போகட்டும். கியரைப் பிடிக்கும்போதெல்லாம் உங்கள் கை என் கையில் இருக்கிறது. கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வண்டி ஓட்டுகிறேன் என்று கிளீனர் எல்லாரிடமும் சொல்லிச் சிரிக்கிறான். போன வாரம் வளைவில் தூங்கிவிட்டேன். வண்டி பள்ளத்தில் இறங்கி நின்றது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று ஒரு நிமிடம் தோன்றியது, அதையும் எழுதிவிடுகிறேன்.

இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை வந்தேன். நீங்கள் ஆஸ்பத்திரி போயிருந்தீர்களாம். அக்கா கதவைத் திறக்கவில்லை, ஜன்னல் வழியாகவே பேசினாள்.

"எலும்பு முறியற நேரத்துலகூட அவர் கண்ணு என்னைத்தான் தேடிச்சுடா. அத்தனை கூட்டத்துல என் முகத்தைப் பார்த்துட்டுத்தான் விழுந்தாரு. நீ எதைடா பார்த்துக்கிட்டிருந்த?"

நான் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், மாமா. விதி அதுதானே. கண்ணைக் கையை விட்டு எடுக்கக் கூடாது. அதனால் உங்கள் முகத்தையும் பார்க்கவில்லை, அவள் வந்ததையும் பார்க்கவில்லை. அதை எப்படி அவளிடம் சொல்வது? 

"போடா. உன்னைப் பெத்தவங்க இருந்திருந்தா இன்னிக்குச் செத்திருப்பாங்க" என்று ஜன்னலை அடைத்தாள்.

கேட்காதே என்று எழுதுகிறீர்கள். அப்படியானால் நான்தான் முறித்தேன் என்று நானே முடிவுகட்டிக்கொள்ளட்டுமா?

*

ஏப்ரல் 9

மாமா,

பதிலே இல்லை. கடைக்காரரிடம் விசாரித்தேன். கடிதம் கொடுத்தாயிற்று, படித்துவிட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார் என்றார். கை எப்படி இருக்கிறது என்று ஒரு வரியாவது எழுதுங்கள். கோபத்தில் எழுதினாலும் பரவாயில்லை.

நான் சாப்பிடுகிறேனா என்று அக்கா எப்போதாவது கேட்டால், சாப்பிடுகிறான் என்று சொல்லுங்கள். கேட்கமாட்டாள்தான்.

*

மே 6

மச்சான்,

நரம்புச் சோதனை முடியட்டும் என்று காத்திருந்தேன். நல்ல சேதியோடு எழுதலாம் என்று ஒரு நப்பாசை. ஊசியைக் குத்தி, கம்பியை மாட்டி, மின்சாரம் விட்டுப் பார்த்தார்கள். மருத்துவர் திரையைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்போதே தெரிந்துவிட்டது. நரம்பு இனி வளராதாம். வேறு தசைநாரை எடுத்து இங்கே ஒட்டலாம், கை கொஞ்சம் நிமிரும், தம்ளர் பிடிக்கலாம், ஆனால் கரண்டி வேலைக்கு ஆகாது என்றார். உன் அக்கா மறுபடியும் மறுபடியும் அதையே கேட்டாள். அவரும் பொறுமையாக அதே பதிலைச் சொன்னார்.

எனக்கு வேறு தொழில் தெரியாது. இந்த வயதில் எதைக் கற்பது? காலையில் எல்லாரும் வேலைக்குப் போன பிறகு தெரு காலியாக இருக்கும். நான் வாசலில் நின்று எதிர்வீட்டுச் சுவரைப் பார்க்கிறேன். அதில் ஒரு மேடு இருக்கிறது. எவனோ மட்டப்பலகை வைக்காமல் விட்டிருக்கிறான். அதைப் பார்த்துக்கொண்டே பொழுது போகிறது. செத்தவன் இப்படித்தான் நிற்பான் போல.

நீ பள்ளத்தில் இறங்கிய கதையைப் படித்த பிறகு எனக்கும் தூக்கம் போய்விட்டது. அதனால் சொல்கிறேன்.

போட்டி நடந்த அந்தக் கூடத்துக்கு ஒரே கதவு, என் இடது பக்கம். நாலு வருடத்தில் ஒரு போட்டிக்கும் வராத உன் அக்கா அன்றைக்கு வீட்டு வேலை சீக்கிரம் முடிந்தது என்று வந்துவிட்டாள். உள்ளே வந்ததும் நான் அவஸ்தைப்படுகிறேன் என்று நினைத்தாளோ என்னவோ, "ஏங்க!" என்று கூப்பிட்டாள். அவ்வளவுதான். அத்தனை கூச்சலில் அது உனக்குக் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது. அவள் கூப்பிட்டால் நான் திரும்புவேன். மூன்றாவது மாடிச் சாரத்தில் நின்றாலும் திரும்புவேன். தலை போனது, தோளும் கூடவே போனது, கை மட்டும் உன்னிடம் கட்டிக் கிடந்தது. நீ ஒன்றுமே செய்யவில்லை. நீ செய்வதற்கு அங்கே நேரமும் இல்லை.

அவளுக்கு இது தெரியாது. எலும்பு முறிந்தது, அப்போது அவளைத் தேடினேன் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். முன்னால் நடந்ததைப் பின்னாலும் பின்னால் நடந்ததை முன்னாலும் வைத்திருக்கிறாள்.

நீ தூங்க வேண்டும் என்பதற்காகச் சொன்னேன். உன்னோடு இருக்கட்டும்.

*

மே 14

மாமா,

முதலில் நிம்மதியாகத் தூங்கினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அதற்கே வெட்கமாக இருக்கிறது. நீங்கள் அங்கே கை இல்லாமல் நிற்கிறீர்கள், நான் இங்கே நான் இல்லை நான் இல்லை என்று சந்தோஷப்பட்டுத் தூங்கியிருக்கிறேன்.

அடுத்த நாள் எழுந்ததும் வேறு ஒன்று தோன்றியது. ஒரே ஒரு வரிதான், மாமா. "அக்கா, நீ கூப்பிட்டே, அவர் திரும்பினார்." இதைச் சொன்னால் நான் மறுபடியும் அந்த வீட்டுப் படி ஏறலாம். அவள் கையால் ஒரு வாய் தண்ணீர் குடிக்கலாம். என்மேல் தப்பு இல்லை என்று தெரிந்தும் கடைசிவரைக்கும் கொலைகாரன் மாதிரி நான் வெளியே நிற்க வேண்டுமா? அவள் என் கூடப் பிறந்தவள். அழுவாள். அழுது முடித்துவிட்டுத் தேறமாட்டாளா?

பக்குவமாகச் சொல்கிறேன். நீங்களும் பக்கத்தில் இருங்கள். அனுமதி கொடுங்கள். போட்டிக்கும் போகிறேன், நீங்கள் சொன்னபடியே ஆடுகிறேன், ஜெயித்துக் கோப்பையை உங்கள் காலடியில் வைக்கிறேன். சரி என்று ஒரு வார்த்தை எழுதுங்கள்.

*

மே 30

மச்சான்,

நீ கேட்டதில் நியாயம் இருக்கிறது. அதனால்தான் இத்தனை நாள் யோசித்தேன். மாட்டேன்.

இந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று கேள். காலையில் அவள் எனக்குச் சட்டை போட்டுவிடுகிறாள். பித்தான் மாட்டும்போது தினமும் இல்லாவிட்டாலும் அடிக்கடி அதையே சொல்வாள். "அந்த நேரத்துலகூட என்னைத்தானே தேடுனீங்க." சொல்லும்போது முகம் ஒரு மாதிரி ஆகும். சிரிப்பு என்று சொல்லமுடியாது. கல்யாணமான புதிதில் பார்த்த முகம். பிறகு உன்னைத் திட்டுவாள். திட்டிக்கொண்டே தலை வாரி, திட்டிக்கொண்டே செருப்பை மாட்டி வேலைக்குப் போவாள். அந்த ஆத்திரத்தில்தான் பகல் முழுக்க அந்த இஸ்திரிப் பெட்டியோடு நிற்கிறாள். என்மேல் கோபப்பட அவளால் முடியாது. விதிமேல் கோபப்பட்டுப் பழக்கமில்லை. நீ இருக்கிறாய்.

இந்த வீட்டில் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான், மச்சான். புருஷன் சாகிற நேரத்திலும் தன் முகத்தைத் தேடுவான் என்று அவள் நம்புகிறாள். அதையும் பிடுங்கிக்கொண்டு அவளுக்கு என்ன கொடுக்கப் போகிறாய்? உன்னையா? உன்னை ஏற்றுக்கொள்வாள். ஆனால் என் சட்டையில் கை வைக்கும்போதெல்லாம் தன் குரல்தான் இந்தக் கையைத் தின்றது என்று நினைப்பாள். பிறகு எனக்குப் பித்தான் மாட்ட மாட்டாள். எழுந்திருக்கவே மாட்டாள். அவளை எனக்குத் தெரியும்.

பழியை நீ சுமக்கிறாய், எனக்குத் தெரிகிறது. அண்ணன் தம்பி இல்லாத எனக்கு நீதான் எல்லாம் என்று வாய்விட்டுச் சொன்னதில்லை. இப்போது சொல்லிக் கேட்கிறேன். சொல்லாதே.

போட்டிக்குப் போ. நமக்குள் இருப்பது இனி அது ஒன்றுதான். கிரேன் சாய ஆரம்பித்ததும் அவசரப்படுவான், தோளைக் கைக்கு முன்னால் கொண்டுபோவான். அப்போது அவனுக்குப் பலம் இருக்காது. அதுதான் உன் நேரம். நிறுத்தாமல் முடித்துவிடு.

*

ஜூன் 25

மாமா,

தோற்றுவிட்டேன். கடைக்காரர் இதற்குள் சொல்லியிருப்பார். அவர் கதையாகச் சொல்லியிருப்பார், நான் நடந்ததைச் சொல்கிறேன்.

நீங்கள் எழுதியபடியே ஆடினேன். உயரமாகப் பிடித்தேன், இடுப்பைப் பார்த்து இழுத்தேன், அவன் விரல் ஒவ்வொன்றாக விரிந்தது. நடுவில் ஒரு முறை முழங்கை எழும்பி ஃபவுல் வாங்கினேன், பழைய பழக்கம். மறுபடி ஆரம்பித்தபோது கூட்டம் என் பக்கம் கத்தியது. அவன் கை பாதி சாய்ந்துவிட்டது. அப்போது நீங்கள் சொன்னது நடந்தது. பயந்துபோய் அவன் தோளைத் திருப்பினான். நடுவர், "தோளு, தோளு!" என்று கத்தினார். முடிக்க வேண்டிய நேரம் அதுதான். நான் கையை விரித்துவிட்டேன். யோசித்துச் செய்யவில்லை. என் விரல்கள் தானாகவே விரிந்தன. வேண்டுமென்றே விட்டால் ஃபவுல், அதோடு இரண்டாகிவிட்டது. கிரேன் கையை ஆட்டி ஆட்டிக் கொண்டாடினான். தான் எதிலிருந்து தப்பினோம் என்று பாவம் அவனுக்குத் தெரியவே இல்லை.

நேற்று அக்கா போன் பண்ணினாள். உங்களுக்குத் தெரியாமல், வேலை செய்யும் இடத்திலிருந்து. பின்னால் துணி மிஷின் ஓடும் சத்தம் கேட்டது. யாரோ அவளிடம் போட்டியைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். ஏழு மாதத்துக்குப் பிறகு அவளாகவே என்னைக் கூப்பிட்டதும், மன்னித்துவிட்டாள் என்றே நினைத்து, "அக்கா!" என்று கத்தினேன்.

"கத்தாத. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். எவனோ ஒருத்தன். அவன் தோளு திரும்பினதும் உனக்குக் கையை விடத் தெரிஞ்சுது. அப்ப விட்டா போதும்னு உனக்குத் தெரியும். அவருக்கு ஏண்டா விடல?"

பட்டை கட்டியிருந்தது அக்கா, விடமுடியாது என்று சொல்லியிருக்கலாம். அதுவும் உண்மைதான். ஆனால் அவள் அதோடு நிறுத்தமாட்டாள். பட்டை இருந்தால் இழுக்காமலாவது இருந்திருக்கலாமே என்பாள். நான் இழுக்கவில்லை என்பேன். அப்படியானால் அவர் ஏன் திரும்பினார் என்பாள். ஒவ்வொரு கேள்வியாகப் போய்க் கடைசியில், தான் நின்று கூப்பிட்ட அந்தக் கூடத்து வாசலிலேயே வந்து நிற்பாள். எனக்கு அது தெரிந்துவிட்டது. அந்த வரி என் நாக்கில் இருந்தது, மாமா. 'நீ கூப்பிட்டே.' அதைச் சொல்லிவிட்டால் என் அக்கா எனக்குக் கிடைத்துவிடுவாள் என்றும் தெரியும்.

"ஜெயிக்கணும்னு இருந்துச்சுக்கா" என்றேன். "தோளு திரும்பினதைப் பார்த்தேன். பார்த்துட்டுத்தான் அழுத்தினேன்."



"அப்பாடா" என்றாள். மாமா, உண்மையாகவே அப்படித்தான் சொன்னாள். எதையோ இறக்கி வைத்தது போல. "உன் வாயாலயே கேட்டுட்டேன். இத்தனை நாளா, தம்பி அப்படிச் செஞ்சிருக்க மாட்டான், செஞ்சிருக்க மாட்டான்னு உள்ளுக்குள்ள ஒண்ணு அரிச்சுக்கிட்டே இருந்துச்சு. இனிமே அதுவும் இல்ல. நான் செத்தாலும் நீ வரக்கூடாது."

சரிக்கா என்றேன்.